கப்பலேறும் வாளி

"அதையுந்தான் குத்திப் பாத்துருங்களேன் சிஸ்டரு. கட்டிலக் குத்தியாச்சு, கதவுக் குமிழியக் குத்தியாச்சு, அந்தா செவுத்துல இருக்க சுவிட்சையும் விடல. எங்க மக் மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?"

"அம்மா, சும்மா இரும்மா. அவங்க வேலையப் பாக்கட்டும்."

"நான் என்னாடி செஞ்சேன்? வேல செய்யிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேல சொன்னேன்."

நளினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகு நாளாகிவிட்டதால் முகக் கவசத்துக்குள் கன்னம் எங்கோ இடறிக்கொண்டது போலிருந்தது. கையிலிருந்த பெட்டியில் ஒரே ஒரு பஞ்சுக் குச்சி மிச்சமிருந்தது. அதை எதில் தேய்ப்பது என்று தெரியாமல்தான் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டிலில் கிடந்தவள் பானு. குழந்தை நன்றாக இருந்தது, வேறொரு அறையில் பத்திரமாகத் தூங்கியது. ஆனால் குழந்தையை எடுப்பதற்காகக் கீறிய இடம்தான் மூடவில்லை. தையல் போட்ட வயிறு சிவந்து, வீங்கி, ஓர் ஓரத்தில் வாய் திறந்துகொண்டது. காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருந்தவள் அவள் அம்மா மருதாயி. நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் காய்த்த கை. இலங்கையின் தேயிலை மலையிலிருந்து சிறு பிள்ளையாகக் கப்பலேறி வந்தவள் என்பதால், எந்த இடத்திலும் பயந்தால் முதலில் வாயைத்தான் திறப்பாள்.

"சரி குடுங்கம்மா உங்க மக்கை. அதுக்கும் ஒரு குத்து வச்சிருவோம்."

ரோஜா நிற பிளாஸ்டிக் மக். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நளினி குச்சியை உள்ளே சுழற்றினாள், விளிம்பில் ஓட்டினாள், கைப்பிடியின் உள்பக்கம் விட்டுத் தேய்த்தாள். மருதாயி கைதட்டாத குறை.

"வலிச்சிருச்சா கண்ணு?" என்று மக்கிடம் கேட்டாள்.

பானுகூடச் சிரித்தாள். சிரித்தது வயிற்றில் இழுத்து உடனே முகம் சுருங்கியது.

நளினி மேட்டு ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்பு நர்ஸ். தீவுகளின் தலைநகர்த் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நின்ற அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு; யாரும் சொல்வதில்லை. ஒரு நோய்க்காக வந்தவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு நோயை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. வாங்கிவிட்டால், அது எங்கிருந்து ஒட்டியது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதுதான் அவளுக்கு இட்ட வேலை. கத்தி பிடிக்கிறவர்களுக்கும் மருந்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு முடிவு உண்டு. தேடுகிறவளுக்குக் கிடைக்கிறவரை முடிவே இல்லை.

இந்த முறை அவள் தேடிக்கொண்டிருந்ததன் பெயர் க்ளெப்சியெல்லா. முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ பனி விழும் தேசத்துக் கதையில் வருகிற சீமாட்டியின் பெயர் போலிருந்தது. சீமாட்டிதான். எந்த மருந்தையும் மதிக்காத சீமாட்டி. பரிசோதனைக் கூடத்துச் சீட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "கேட்காது, கேட்காது" என்று வந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு மருந்துதான் கேட்கும். அது கிருமியைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் ஒரு கை பார்த்துவிடும்.

பெண்கள் வார்டில் முதலில் அது ஒட்டியது வடக்கே டிக்லிபூரிலிருந்து வந்த ஒரு வங்காளப் பெண்ணுக்கு. ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது, காயம் சீழ் பிடித்தது, அவள் திரும்பிப் போகவில்லை. அடுத்து தெற்குக் கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து வந்த ஒருத்தி. அவள் பிழைத்துக் கப்பலேறிவிட்டாள். இப்போது பானு. மூன்று பேரிடமும் ஒரே கிருமி. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதில் மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். எந்த இடம் என்பதுதான் புரியவில்லை.

மூவருக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. அதனால் நளினி ஆபரேஷன் தியேட்டரைச் சந்தேகித்தாள். அவள் வார்த்தையை நம்பித் தியேட்டரை மூடினார்கள். சுவரிலிருந்து கூரை வரை கழுவினார்கள், புகை போட்டார்கள், குச்சி வைக்காத இடம் இல்லை. ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தியேட்டர் மூடிக் கிடந்த நாட்களில் ஆபரேஷனுக்காகத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருத்தி செல்லம். கார் நிக்கோபாரில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் ஒச்சப்பனின் மனைவி. கர்ப்பப்பை எடுக்க வந்தவள். அந்தத் தாமதத்தில் அவர்களுக்கு இரண்டு கப்பல் போயிற்று.

அப்போது ஒச்சப்பன் வராந்தாவில் நளினியை மறித்துக்கொண்டு நின்றது இன்னும் அவள் காதிலேயே இருந்தது. "ஏன் சிஸ்டர், அந்தக் கிருமி எங்கனதான் இருக்கு? என் கண்ணுல காட்டுங்க. கால்ல விழுந்தாச்சும் கேட்டுக்கிர்றேன், என் பொண்டாட்டிய விட்ருய்யான்னு." வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர்கள் மகள் சந்திரமதிக்குக் கார் நிக்கோபாரில் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் பிரவீன்குமார் அங்கே விமானப்படை மெஸ்ஸில் வேலை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப் பெண்பிள்ளை என்று வேறு யாரும் இல்லை.

பிறகு தியேட்டரைத் திறந்தார்கள், செல்லத்துக்கு ஆபரேஷன் நடந்தது, காயமும் ஆறி வந்தது. நளினி மட்டும் குச்சிப் பெட்டியோடு அலைந்துகொண்டே இருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பைப் பார்ப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது கை ஒரு கணம் நிற்கும். அது எல்லாரையும் பார்த்துக்கொண்டே எங்கோ சும்மா உட்கார்ந்திருக்கிறது, தன்னை மட்டும் ஏமாற்றுகிறது என்று தோன்றும்.

மறுநாள் காலை அவள் அக்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் துறைக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றி வரும் படகில் ஸ்கூட்டர் மேல் கை வைத்து நின்றிருந்தாள். கடல் வெயிலில் தகரம் போல் மினுங்கியது. சாத்தத்தின் மரம் அறுக்கும் மில்லின் கூரை தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. பரிசோதனைக் கூடத்து டாக்டர் வைஜெயந்தி.

"நளினி, எங்க இருக்கீங்க?"

"படகுல, மேடம்."

"பானு ரூம்ல எடுத்தீங்களே, கடைசிக் குச்சி. 'மற்றவை'ன்னு மட்டும் எழுதிருக்கீங்க. அது என்ன?"

"ஏன் மேடம்?"

"முதல்ல சொல்லுங்க."

"அது… சும்மா. அவங்க அம்மா கேலி பண்ணாங்கன்னு எடுத்தேன். குளிக்கிற மக்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நம்ம மக்கா?"

"இல்ல மேடம். அவங்களோடது."

"மருந்து கலந்த வளர்ப்புத் தட்டுலயே கிருமி வளந்துருக்கு நளினி. தட்டு முழுக்க. ரோஸ் கலர்ல, வழவழன்னு. நாம தேடுற சீமாட்டியேதான். நாளைக்குத்தான் எழுத்துல தர முடியும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

படகு சாத்தம் ஜெட்டியில் இடித்து நின்றது. பின்னால் ஒரு லாரிக்காரர், "சலோ சலோ தீதி, தூங்குறீங்களா?" என்று ஹாரனை அமுக்கினார். நளினி ஸ்கூட்டரைத் தள்ளவில்லை. 'நம்ம மக்கா' என்ற கேள்வி அவளுக்குள் எதையோ தட்டிவிட்டிருந்தது.

அவள் குச்சி வைத்த ஒவ்வொரு பொருளிலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருந்தது. கட்டில், டிராலி, ஸ்டாண்டு, வார்டு டிரம், குழாய்கூட. ஆஸ்பத்திரியின் சொத்தை ஒன்று விடாமல் தேடியிருந்தாள். எண் இல்லாத பொருளை அவள் கண் பார்த்ததே இல்லை.

பானுவின் அறைக்குள் நுழைந்ததும், "மருதாயிம்மா, அந்த மக்கை எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"வாங்குறதா? யாரு வாங்குனா?" மருதாயி சேலை முனையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கப்பல்ல வாரவுக வாளியத் தூக்கிட்டா வருவாக? மூட்டைய வைக்கவே எடம் கெடைக்காது. கேம்பல் பே பொம்பள போறப்ப குடுத்துட்டுப் போச்சு. பால்டி, மக், ரெண்டும்."

"அவங்களுக்கு?"

"அதுக்கு முன்னாடி ஒரு வங்காளிப் பொம்பள இருந்துச்சாம்ல. பாவம், அது போய்ச் சேந்துருச்சு. அது புருசன் அழுதுகிட்டே வச்சுட்டுப் போனாராம். எப்பவுமே இப்பிடித்தான் சிஸ்டரு. கப்பல் டிக்கெட் கெடச்சவுக வாளிய விட்டுட்டுப் போவாக. அடுத்து வாரவுக எடுத்துக்குவாக. இங்க தண்ணி வர்றதே ஒரு நாள் விட்டு ஒரு நாளு. பால்டி இல்லாதவ என்னா பண்ணுவா?"

வங்காளப் பெண். கேம்பல் பே பெண். பானு. கிருமி நடந்த வழியும் வாளி நடந்த வழியும் ஒன்றாக இருந்தன.

நளினி அந்த வாளியைப் பல முறை கடந்து போயிருக்கிறாள். இப்போது நினைத்ததும் கண் முன்னால் வந்து நின்றது. பச்சை வாளி. கைப்பிடிக் கம்பி கையை அறுக்கும் என்று யாரோ ஒரு துணியைச் சுற்றியிருந்தார்கள். அது நைந்ததும் அடுத்தவள் அதன் மேலேயே இன்னொரு துணி சுற்றியிருந்தாள். அதற்கு மேல் இன்னொன்று. கைப்பிடி ஒரு பெரிய கூட்டுப்புழு மாதிரி பருத்திருந்தது. ஒருநாளும் காயாத கூட்டுப்புழு.

"இப்ப பால்டி எங்கம்மா?"

"எங்கள இந்த ரூமுக்கு மாத்துனப்ப செல்லத்துக்கிட்ட குடுத்துட்டேன். அவுக பால்டி ஒடஞ்சு போச்சுன்னு சொன்னாக. எங்களுக்குத்தான் இங்க தனியா கொழா இருக்கே, மக் போதும்னு…" மருதாயி நிறுத்தினாள். வாயடிக்கிறவர்கள் நிறுத்தும்போது அறை திடீரென்று பெரிதாகிவிடும். "ஏன் சிஸ்டரு? என்னா?"

நளினி சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்; சுற்றி வளைக்க நேரமில்லை.

மருதாயி மகளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"தெனமும் நாந்தான ஊத்தித் தொடச்சு விட்டேன்."

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"வேற யாரு கை சிஸ்டரு அது?"

பானு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நளினி ரோஜா நிற மக்கைச் சிவப்புப் பைக்குள் போட்டு முடிச்சிட்டாள். மருதாயியைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பைக் கையில் கொடுத்தாள். அதற்கு மேல் அங்கே நின்றால் அழுதுவிடுவோமோ என்று பயந்து வார்டுக்கு ஓடினாள்.

செல்லத்தின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தை விரிப்பை அப்போதுதான் உருவிக்கொண்டிருந்தார்கள்.

"காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களே," என்றாள் வார்டு நர்ஸ் உமா மகேஸ்வரி. "காய்ச்சல் இல்ல, காயம் சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு. மத்தியானக் கப்பல்."

"பச்சை பால்டி?"

"பால்டியா? அதையும் தூக்கிட்டுத்தான் போனாங்க. பொண்ணு பிரசவத்துக்கு உதவும்னாங்க. ஏன், நம்ம பால்டியா அது?"

நளினி அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். இறங்கிக்கொண்டே ஒச்சப்பனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. வைஜெயந்திக்குப் போட்டாள்.

"அந்த மக்கோட ஜோடி வாளி செல்லத்தோட கப்பலுக்குப் போகுது மேடம். பிரசவம் பாக்கப் போகுது."

"நிறுத்துங்க நளினி. அங்க போயிருச்சுன்னா அப்பறம் கண்டுபிடிக்க லேப் கிடையாது, அந்த ஒரு மருந்தும் கிடையாது. பச்சப் பிள்ளைக்கு ஒட்டுனா…" டாக்டர் சட்டென்று அடுத்ததற்குத் தாவினார். "அந்தம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் இல்லன்னு எழுதிருக்காங்க."

"நீங்க ஒரு தடவ பாருங்க. சூடு இருந்தா ஏற விடாதீங்க. கேட்ல ஒரு வார்த்த சொன்னாப் போதும், தொத்து வியாதின்னா ஏத்த மாட்டாங்க. ஆனா உறுதியாத் தெரிஞ்சுட்டுச் சொல்லுங்க. அவங்க ஏற்கெனவே நம்மாலதான் ரெண்டு கப்பல விட்டாங்க."

"நம்மாலே இல்ல மேடம்," என்றாள் நளினி. "என்னாலே."

கப்பலேறும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. அட்டைப் பெட்டி, அரிசி மூட்டை, கட்டிப்போட்ட ஃபேன், கூண்டில் கோழி. யாரோ ஒருவர் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குக் குடையாக்கியிருந்தார். ஒலிபெருக்கி கார் நிக்கோபார், கமோர்ட்டா, கச்சால் என்று ஹிந்தியில் தீவுகளின் பெயரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நளினி ஸ்கூட்டரைச் சாய்த்த இடத்தில் அது சரியாக நின்றதா என்றுகூடப் பார்க்கவில்லை.

"மேடம், டிகெட்?" என்றான் காவலாளி.

"மேட்டு ஆஸ்பத்திரி. ஏக் பேஷண்ட் கோ தேக்னா ஹை."

ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றதும், ஆஸ்பத்திரி உடுப்பைப் பார்த்து வழி விட்டான். உள்ளே வரிசை கொட்டகைக்குக் கீழே வளைந்து வளைந்து போனது. அந்த வளைவுகளில் முகங்களைத் தேடியபோது நளினிக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. இத்தனை பேரில் டிக்கெட் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், யார் கண்ணுக்கும் படாமல் ஏறப் போகிற ஒரு பயணி இருக்கிறாள். அவளுக்குக் கடல் குமட்டல் கிடையாது, பசி கிடையாது. ஈரம் மட்டும் போதும்.

முதலில் வாளிதான் கண்ணில் பட்டது. வரிசையின் நடுவே தரையில் இருந்தது. பருத்த கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதன் மேல்துணி புதியது, செல்லத்தின் மஞ்சள் புடவையிலிருந்து கிழித்தது. அதற்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கட்டம் எட்டிப் பார்த்தது, லுங்கித் துணி. வாளிக்குள்ளே பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே பழைய வாயில் சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்த துணிகள். பிறக்கப் போகிற பிள்ளையைச் சுற்றுவதற்கு.

"யாரு, மேடமா?" ஒச்சப்பன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கப்பலுக்கும் புகை போட வந்தீகளோ?"

"அண்ணே, அந்த வாளி எனக்கு வேணும்."

"எதே?"

"நான் தேடுனது அதுலதான்ணே இருக்கு. காட்டுங்கன்னு கேட்டீங்கள்ல. அந்தக் கைப்பிடியிலதான்."

ஒச்சப்பன் வாளியைப் பார்த்தார். நளினியைப் பார்த்தார். முன்னால் நின்ற ஆளின் முதுகைப் பார்த்தார். சிரிக்கலாமா, கத்தலாமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"மொதல்ல ஆபரேசன் ரூமுன்னீக. பூட்டு போட்டீக. நாங்க வராந்தாவுல கெடந்தோம். இப்ப இந்த ஓட்ட வாளிங்கறீக. நாளைக்கு என் மீசங்கறதுக்கு எம்புட்டு நேரமாகும்?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணே. இது தப்பில்ல. இந்த வாளியோட இருந்த மக்குலேருந்து எடுத்தது தட்டுல வளந்துருக்கு, டாக்டர் பாத்துட்டாங்க."

"சரி, எடுத்துக்கங்க. ஒரு வாளிதானே." அவர் சட்டென்று குனிந்து உள்ளேயிருந்ததை மூட்டைக்குள் மாற்றத் தொடங்கினார். "கார் நிக்கோபார்ல வாளி விக்காமலா போயிருச்சு?"

"துணியையும் விட்ருங்கண்ணே."

அவர் கை நின்றது.

"துணியா? பெறக்காத பிள்ளையோட துணியப் பிடுங்குறீகளா?"

"ஈரத்துல இருந்துருக்கு. கொதிக்க வச்சாலும் நான் நம்ப மாட்டேன். எண்ணெய், பூண்டு எல்லாத்தையுமே விட்ருங்க. நான் வாங்கி அடுத்த ஃப்ளைட்லயே அனுப்புறேன். உங்க கையக் கழுவிக்கங்கண்ணே, தயவு செஞ்சு."

சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். கோழிக் கூண்டு வைத்திருந்தவர் கூண்டை இழுத்துக்கொண்டார். ஒச்சப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சுருக்கென்று முகம் சிவந்தது. வாளியை அப்படியே காலால் நளினியின் பக்கம் தள்ளினார்.

"போதுமா? கொண்டு போங்க. செல்லம், மூட்டையப் பாத்துக்க. நான் கையக் கழுவிட்டு, கேட்ல சீட்டக் காட்டிட்டு வாரேன். இல்லாட்டி இந்த மேடம் நம்ம ரெண்டு பேரையும் பையில போட்டு முடிஞ்சுருவாக."

அவர் போனார். நளினி கையுறை மாட்டிக்கொண்டு வாளியைப் பெரிய சிவப்புப் பைக்குள் இறக்கினாள். கைப்பிடியைத் தூக்கியபோது துணியின் அடுக்குகளிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. இத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது இந்தச் சொட்டுதான். பார்ப்பதற்கு மற்றத் தண்ணீரைப் போலவே இருந்தது. பையை இறுக்கி முடிச்சிட்டாள். கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். வாளி இங்கே, கப்பல் அங்கே.

அப்போதுதான் செல்லத்தைப் பார்த்தாள்.

இவ்வளவு நேரமும் செல்லம் அங்கேயேதான் இருந்தாள். மூட்டையின் மேல் உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை மடித்து வைத்திருந்தாள். கொட்டகையில் எல்லாருக்கும் வியர்வை வழிந்தது. அவள் மட்டும் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அக்கா," என்றாள் நளினி. "குளிருதா?"

"இல்லத்தா. கடக்காத்து."

காற்றே இல்லை. நளினி கையுறையைக் கழற்றினாள், கையில் மருந்தைத் தேய்த்துக்கொண்டாள், செல்லத்தின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். செல்லம் தலையை நகர்த்த நினைத்தாள், முடியவில்லை. வெயிலில் கிடந்த தகரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

"எப்ப இருந்துக்கா?"

செல்லம் கணவர் போன திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்துப் பொழுதுசாய இருந்து. காலையில அந்த நர்சுப் பிள்ளை சூடு பாக்க வருமுன்னு முன்னாடியே மாத்திரையப் போட்டுக்கிட்டேன். அதான் தெரியல. இவுகளுக்கும் தெரியாது. தெரிஞ்சா உக்காந்துருவாக மனுசன்."

"காயம்?"

"ஓரத்துல லேசாக் கசியுது. பஞ்ச வச்சிருக்கேன்."

நளினி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பானுவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. லேசா, ஓரத்துல. இப்பவே வந்தீங்கன்னா மருந்து இருக்கு. அங்க இல்ல. அது மட்டுமில்ல, உங்க கையில அது இருக்கும்க்கா. நீங்க தொட்டா சந்திரமதிக்கு. சந்திரமதி தொட்டா…"

"எனக்குத் தெரியாமயா?" செல்லம் அவளை இடைமறித்தாள். "நீ அவருகிட்ட பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பானு கட்டிலுக்கு எதுத்த கட்டில்ல கெடந்தவ நான். அது முனங்குறத விடிய விடியக் கேட்டுருக்கேன்."

கப்பல் ஒரு தடவை ஊதியது. வரிசை அசைந்தது. பெட்டிகள் தரையில் இழுபடும் சத்தம் கொட்டகை முழுக்க எழுந்தது. பின்னால் நின்றவன், "ஆகே படோ, ஆகே படோ" என்று முன்னால் நகரச் சொன்னான். கேட்டருகே ஒச்சப்பன் சீட்டை உயர்த்திப் பிடித்து இவர்கள் பக்கம் கையாட்டினார். அவருக்குப் பக்கத்திலேயே, மேசையில், வெள்ளைச் சட்டை போட்ட துறைமுக ஊழியர் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று டாக்டர் சொன்ன ஆள். நளினி கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.

செல்லம் மூட்டையிலிருந்து எழ முயன்றாள். எழும்போது நளினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை கொதித்தது. பிடித்தோம் என்று தெரிந்ததும் தீப்பட்டதைப் போல அவளே கையை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தொட மாட்டேன் தாயி," என்றாள். "பிள்ளையத் தொடவே மாட்டேன். என் மகளையும் தொட மாட்டேன். வாசப்படிக்கு வெளியவே நிக்கிறேன். அவ கத்துறப்ப ஆத்தான்னு கூப்புடுவாள்ல, அப்ப வெளிய இருந்து ஒரு குரல் குடுக்கணும், அம்புட்டுத்தான். குரல்ல ஒட்டாதுல்ல அது? பெத்து முடிஞ்சதும் மறு கப்பல்ல நானே வந்து உன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிர்றேன். நீ எத்தன குச்சி வேணும்னாலும் குத்து."

ஒச்சப்பன் கேட்டிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டைக்காரரும் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார். செல்லம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"அந்த வெள்ளச் சட்டக்காரருகிட்ட ஒண்ணும் சொல்லிராத தாயி. என்னைய ஏற விடு."